பக்கத்து நாற்காலி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் உன் பையனைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசறான்மா, பக்கத்து நாற்காலியில யாரையும் உட்கார விடமாட்டேங்கறான்" என்றாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. கவலையினால் இல்லை, உன் டுட்டு ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு அப்போது நாலு வயது. உன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த டுட்டு கட்டைவிரல் உயரம்தான் என்பாய். நான் கதவைச் சாத்தப் போனால், "இரும்மா, அவன் இன்னும் வரல" என்று ஓடிவந்து பிடித்துக்கொள்வாய். குனிந்து, உள்ளங்கையைத் தரையில் விரித்து, அவன் ஏறும்வரை பொறுமையாகக் காத்திருப்பாய். பிறகு அந்தக் கையை மூடாமல், சாய்க்காமல், நெஞ்சோடு வைத்தபடி நடப்பாய்.

அதனால் பயப்படாதே. அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் இதையே ஆராய்ந்தவர். அவருடைய குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கற்பனைத் தோழன் இருந்தது தெரியவந்தது. உயிருள்ளதாக நினைத்துப் பேசிப் பழகும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு அது. கேள்வி கேட்டவர்களிடமே சில குழந்தைகள், "அது நிஜமில்லை, சும்மா விளையாட்டு" என்று சொல்லிவிடுவார்களாம். உன் பையனுக்கும் தெரியும். "அங்கே யாரும் இல்லை" என்று நீ நிரூபித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டுட்டுவை நான் எனக்கு வேலைக்காரனாக்கிக் கொண்டேன். "டுட்டு சாப்பிட்டுட்டான் பார், நீயும் சாப்பிடு", "டுட்டு சமர்த்தா தூங்கிட்டான்". முதல் இரண்டு நாள் பலித்தது. மூன்றாம் நாள் நீ என்னை நேராகப் பார்த்து, "டுட்டு அப்படிச் சொல்லல" என்றாய். அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போய்விட்டான் என்றாய். அப்புறம் என்னிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னுடையதாக இருந்த ஒரே ஆளை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

நீ அதைச் செய்யாதே. உன் பையன் அழைத்தால் விளையாட்டில் சேர்ந்துகொள். நீயாகத் தோழனுக்கு வசனம் எழுதாதே. தண்ணீரைக் கொட்டிவிட்டு "அவன்தான் கொட்டினான்" என்றால், பொய் சொல்கிறான் என்று பாயாதே, "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து துடையுங்க" என்று துணியைக் கையில் கொடு. "அவனுக்கு இருட்டுன்னா பயம்" என்று சொன்னால் மட்டும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார். பெரும்பாலும் அது உன் பையனின் பயமாகத்தான் இருக்கும். "அவன் பயப்படும்போது என்ன செய்யலாம்?" என்று கேள், அவனே வழி சொல்வான்.

அந்தத் தோழனைக் கண்டே அவன் நடுங்கினாலோ, தன்னையோ பிறரையோ அடிக்கும்படி தோழன் சொல்வதாக அவன் சொன்னாலோ, மற்றப் பிள்ளைகளை அறவே ஒதுக்கினாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் பேசு. நீ சொன்னதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வருகிறேன். நான் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று அவனிடமே கேட்டு வை.

அன்புடன்,
அம்மா