மூடு வரும் வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டதும் நேற்று போனில் பேச்சை மாற்றினாய். கைடு அனுப்பிய திருத்தங்களை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று கடைசியில்தான் சொன்னாய். "மனசே வரலைம்மா, மூடு வந்ததும் உட்கார்ந்துடுவேன்" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கும்.

நீ சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். உனக்கு இருப்பது பயம். நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை உன்னிடம் அவ்வளவு இருப்பதால்தான் இந்தப் பயமும் வருகிறது.

நான் சொல்லவில்லை, ஷோமா மொரிடா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் சொன்னது. 1874இல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது அவருக்கே படபடப்பும் பதற்றமும் உண்டு. ஒரு சமயம் வீட்டிலிருந்து பணம் வரவில்லை. அந்தக் கோபத்தில், உடம்புக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மருந்தையெல்லாம் விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படித்தார். மதிப்பெண்ணும் நன்றாக வந்தது, பயந்த மாதிரி உடம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு, 1919 வாக்கில், நோயாளிகளைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துச் சிகிச்சை தர ஆரம்பித்தார்.

அந்தச் சிகிச்சை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் சில நாட்கள் படுக்கையை விட்டு எழக்கூடாது. படிப்பு, பேச்சு எதுவும் கிடையாது. பயம் வந்தால் வரட்டும், விரட்டவும் வேண்டாம், ஆராயவும் வேண்டாம். இப்படிக் கிடந்து கிடந்து, ஏதாவது செய்தால் தேவலை என்று ஆளுக்கே தோன்றிவிடும். அதன் பிறகுதான் சின்னச் சின்ன வேலைகள், அப்புறம் கடினமான வேலை, பிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது. தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள். என்ன தோன்றியது என்று பக்கம் பக்கமாக எழுதுவதை ஊக்குவிக்க மாட்டார்கள், அன்றைக்கு என்ன செய்தாய் என்பதுதான் முக்கியம்.

மனநிலை நம் கையில் இல்லை, கை கால் நம் கையில் இருக்கிறது. மொரிடா சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். நீயோ பயம் போன பிறகு எழுதலாம் என்று முதலில் பயத்தோடு மல்லுக்கட்டுகிறாய். மல்லுக்கட்டுகிற வரைக்கும் கவனமெல்லாம் அதன் மேலேயேதான் இருக்கும். அது பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நீ பாட்டுக்கு எழுது.

நாளைக் காலை முகம் கழுவியதும் அந்த மின்னஞ்சலைத் திற. நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். முதல் திருத்தத்தை மட்டும் படித்து, ஒரு தாளில் உன் கையெழுத்தில் எழுது. அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று குறித்துக்கொள். அந்த வரியைத் தேடிப் போய்த் திருத்து. அதோடு எழுந்துவிடத் தோன்றினால் எழுந்துவிடு. முழு அத்தியாயத்தையும் அன்றைக்கே முடிப்பதாகச் சபதம் எதுவும் போடாதே. சபதம் போட்டால் மறுபடியும் அதற்கேற்ற மூடைத்தான் தேடுவாய்.

இன்னொன்றும் உண்டு. யோஷிமோட்டோ இஷின் என்ற ஜப்பானியர் உருவாக்கிய, நம்மை நாமே திரும்பிப் பார்த்துக்கொள்ளும் நைகான் முறையில் ஒருவரை மனதில் வைத்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வார்கள்: இவரிடமிருந்து என்ன பெற்றேன், இவருக்கு என்ன கொடுத்தேன், இவருக்கு என்ன தொல்லை கொடுத்தேன். உன் கைடை நினைத்து முதல் கேள்வியை மட்டும் கேட்டுப் பார். உன் பக்கங்களை உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறாரே! உனக்கு இப்போது தண்டனை மாதிரித் தெரிகிற அந்தத் திருத்தங்கள் உனக்காக அவர் செலவழித்த நேரம். மூன்றாவது கேள்வி இப்போதைக்கு வேண்டாம். உன்னை நீயே திட்டிக்கொள்வது ஏற்கெனவே போதுமான அளவு நடக்கிறது.

தூக்கமின்மை இப்படியே தொடர்ந்தாலோ, எதிலுமே ஈடுபாடு இல்லை என்று தோன்றினாலோ, டாக்டரைப் பார்த்துவிடு. இதில் தயங்காதே, எனக்கும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுகிறேன். எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்க மாட்டேன், அப்பாவிடமும் கேட்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் எழுதிய முதல் திருத்தம் என்ன என்று மட்டும் வாசித்துக் காட்டு. எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா