பாப்பாவுக்கு, டெண்டர் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். கத்திரி முடிந்தும் வேலூர் வெயில் அடங்குவதாக இல்லை. உனக்கு உன் ஆஸ்பத்திரியில் நோயாளிப் பாதுகாப்புப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். வரும் வழியிலேயே தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியும் விட்டாள். அதில் பாதிப் பேர் நீ டாக்டராகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தப் போகவில்லை.

போனில் நீ வாங்கப்போகும் சாமான் பட்டியலைப் படித்துக் காட்டினாய். நோயாளி கையில் பார்கோடு பட்டை, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்தும் புது சிரிஞ்ச் பம்புகள், எல்லாப் படுக்கைக்கும் மானிட்டர், நோயாளி மோசமாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் ஏதோ ஒரு ஏ.ஐ. மென்பொருள். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

நான் மெஷின் ஆள் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மெஷின்களைத் திறந்து மூடித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வராத காலத்தில் உதடு நீலமாகிறதா என்று பார்த்துத்தான் மயக்க டாக்டர்கள் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாயே, அதில் ஒரு மனுஷர் கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வார்டிலிருந்து "மெஷின் ரிப்பேர்" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. மானிட்டர் விடாமல் கத்துகிறது என்பார்கள். நோயாளியின் நெஞ்சைப் பார்த்தால், இதயத் துடிப்பை அறிய ஒட்டிய எலக்ட்ரோடு ஸ்டிக்கர் வியர்வையில் பாதி கழன்று ஜெல் காய்ந்துபோயிருக்கும். நம் ஊர் மே மாதத்தில், மின்விசிறி மட்டும் சுற்றும் வார்டில், ஒருமுறை ஒட்டியது எத்தனை நாள் தாங்கும்? மெஷினுக்கு இதயம் நின்றதற்கும் ஒயர் கழன்றதற்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது, கத்தும். ராத்திரி முழுக்கக் காரணமில்லாமல் குரைக்கும் நாயைத் திருடன் வரும் அன்றைக்கு யார் எழுந்து பார்ப்பார்கள்? அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் விட்ட எச்சரிக்கையில், அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று சொல்லியிருக்கிறது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் சம்பந்தமாக அவர்களுக்கு வந்த 98 சம்பவங்களில் 80 மரணம். அவ்வளவு வசதியான தேசத்திலேயே இந்தக் கதி. சத்தத்தைக் குறைத்து வைக்கும் சிஸ்டர்களை நான் திட்டியதே இல்லை. அவர்களுக்கும் காது இரண்டுதான்.

இதற்கு மருந்து புது மானிட்டர் இல்லை. தோலைத் துடைத்துவிட்டுத் தினமும் எலக்ட்ரோடு மாற்றினாலே கத்தல் கணிசமாகக் குறையும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்றபடி அலாரம் எல்லையை வைக்க டாக்டரும் சிஸ்டரும் சேர்ந்து இரண்டு நிமிஷம் செலவிட்டால் இன்னும் குறையும். ஆனால் எலக்ட்ரோடு பாக்கெட்டை ஸ்டோரில் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள். பல லட்ச ரூபாய் மானிட்டருக்குக் கையெழுத்து போடும் அதே நிர்வாகம்தான் சில ரூபாய் ஸ்டிக்கருக்குக் கணக்குக் கேட்கும். நீ முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஸ்டோர்.

சிரிஞ்ச் பம்பிலும் இதே கதைதான். எந்தக் கம்பெனி சிரிஞ்ச் மாட்டியிருக்கிறோம் என்பதைப் பம்பில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 மில்லி என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு கம்பெனி சிரிஞ்சின் உள் அகலம் கொஞ்சம் வேறுபடும். தேர்வு தப்பினால் மருந்து கூடவோ குறையவோ போகும். பர்ச்சேஸ் பிரிவு விலை குறைவென்று கம்பெனியை மாற்றும், வார்டுக்குச் சொல்லாது. திரையில் பழைய பெயர், உள்ளே புது சிரிஞ்ச். இந்தத் தப்பு யாருடையது? பம்பும் கெடவில்லை, சிஸ்டரும் அசட்டையாக இல்லை. இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று பேசவில்லை, அவ்வளவுதான்.

சான் பிரான்சிஸ்கோவில் 2013-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, எல்லாம் கம்ப்யூட்டர். 16 வயசுப் பையனுக்கு அவன் வழக்கமாகச் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று கொடுக்க வேண்டும், 160 மில்லிகிராம். டாக்டர் 160 என்றுதான் டைப் செய்தார். ஆனால் திரையில் அந்தக் கட்டம் "ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற கணக்கில் நின்றிருந்தது. பையனின் எடையால் கம்ப்யூட்டர் பெருக்கியது. ஒரு மாத்திரை 38½ மாத்திரையானது. எச்சரிக்கை வந்தது. தினமும் வரும் எச்சரிக்கைக் கூட்டத்தில் இதுவும் ஒன்று என்று டாக்டர் தள்ளிவிட்டார், மருந்தாளுநரும் தள்ளிவிட்டார். மருந்தறையில் இருந்த ரோபோ எண்ணிப் பாக்கெட் போட்டது. அதற்கு ஆச்சரியப்படத் தெரியாது.

கடைசியில் அது ராத்திரி ஷிப்டில் ஒரு நர்ஸ் கைக்கு வந்தது. அவருக்கு இது வழக்கமான வார்டு இல்லை, வேறு இடத்திலிருந்து உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு மாத்திரையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. யாரிடமாவது கேட்கலாமா என்று யோசித்தார். ஆனால் புது இடம், எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள், கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று தயங்கினார். பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். இதே மருந்து, இதே அளவு, சரி என்றது மெஷின். கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்து, நல்லவேளை பிழைத்துக்கொண்டான்.

பாப்பா, நீ வாங்கப்போகிற அதே பார்கோடுதான் அங்கே இருந்தது. அது ஒழுங்காகவே வேலை செய்தது. மேலே இருந்து வந்த உத்தரவும் கையில் இருந்த மருந்தும் ஒன்றா என்று பார்ப்பதுதான் அதன் வேலை, பார்த்துச் சொன்னது. உத்தரவே தப்பு என்று அந்தக் கட்டடத்தில் சந்தேகப்பட்டது ஒரே ஒரு ஜீவன். அந்தச் சந்தேகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தைரியம் வரும்படி அந்த இடம் இல்லை. உன் பணத்தில் பாதியை அந்தத் தைரியத்துக்குச் செலவு செய் என்பதுதான் நான் சொல்லவந்தது.

அதை எப்படி வாங்குவது என்று கேட்பாய். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடும்போது தொற்று வராமல் இருக்க ஐந்து காரியம். கையைக் கழுவு, முழுத் துணி போர்த்து, கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் தடவு, தொடைப் பக்கம் தவிர், தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இதில் ஒன்றும் புதுசு இல்லை, காகிதத்தில் எழுதிய ஐந்து வரி. புதுசு என்னவென்றால், டாக்டர் ஒன்றை விட்டால் நர்ஸ் "நிறுத்துங்க" என்று சொல்லலாம், மேலதிகாரி நர்ஸ் பக்கம்தான் நிற்பார் என்று முன்பே பேசிவைத்தார்கள். 2006-ல் அந்த முடிவுகள் வெளியாயின. நூறுக்கு மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் தொற்று அப்படியே விழுந்தது, பல இடங்களில் மாதக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. காகிதத்தை எல்லாரும் காப்பி எடுத்தார்கள். நிறுத்தச் சொல்லும் உரிமையைக் காப்பி எடுத்தவர்கள் குறைவு.

பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி பற்றி நீ படித்திருப்பாய். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் மருந்து எழுதும் முறையை அவசர அவசரமாகக் கொண்டுவந்தபின், வேறு இடங்களிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது. குழந்தை வந்து பதிவாகும்வரை மருந்து எழுத முடியாது, படுக்கைப் பக்கம் நின்றவர்கள் திரைப் பக்கம் போய்விட்டார்கள். அதே மென்பொருளைச் சியாட்டிலில் ஐ.சி.யு. ஆட்களின் வேலைமுறைக்கு ஏற்றபடி முன்கூட்டியே அமைத்துக்கொண்டு போட்டார்கள், இறப்பு கூடவில்லை. விற்பவன் உன்னிடம் சியாட்டிலை மட்டும் சொல்வான்.

அப்புறம் மெமோ. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் நோயாளி உடம்பில் வைக்கும் புரோப் உடைந்தால் அது அலமாரிக்குள் துணிக்கு அடியில் இருக்கும், கேட்டால் "தானா நின்னுடுச்சு சார்" என்பார்கள். தவறு நடந்தால் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு படிவமும் அச்சடித்தார்கள். முதலில் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. அடுத்த மாதத்திலிருந்து படிவம் வரவே இல்லை. தவறே நடக்கவில்லை என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். உன் நிர்வாகம் தவறுகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது என்றாய். நீ வேலையை ஒழுங்காகச் செய்தால் முதல் வருஷம் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், ஏனென்றால் அப்போதுதான் பயமில்லாமல் சொல்ல ஆரம்பிப்பார்கள். இதை இப்போதே மேலிடத்தில் எழுத்தில் சொல்லிவிடு. அப்புறம் சொன்னால் சாக்கு என்பார்கள்.

நம் வேலூர் காந்தி ரோடு உனக்கு ஞாபகம் இருக்கும். லாட்ஜ் போர்டு, சாப்பாட்டுக் கடைப் போர்டு எல்லாம் வங்காளத்தில். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று சிகிச்சைக்காக ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர். மருந்து கொடுக்கும் முன் அவர்களிடம் போய் "உங்க பேரு இன்னார்தானே?" என்று தமிழில் கேட்டால் தலையை ஆட்டத்தான் செய்வார்கள். புரியாவிட்டாலும் மரியாதைக்கு ஆட்டுவார்கள். "உங்க பேர் என்ன?" என்று அவர்கள் பாஷையில் கேட்டு, அவர்கள் வாயால் வரவழைக்க வேண்டும். நம் ஆட்களிடமும் அப்படித்தான், ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, ஒருவர் எஸ்., ஒருவர் கே. உன் மென்பொருள் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக வைத்திருக்கும். இனிஷியல் மட்டும் உள்ளவருக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கிளார்க் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஹைதராபாத் பக்கம் தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பெயரை, அதாவது குடும்பப் பெயரை, முன்னால் வைப்பார்கள், அங்கே குழப்பம் வேறு மாதிரி இருக்கும். பதிவுக் கவுன்டரில் உட்காரும் பிள்ளையைக் கேள், அதற்குத் தெரியும்.

நோயாளி பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆளையும் மறக்காதே. "சிஸ்டர், அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா சொல்வதற்கும் மானிட்டர் கத்துவதற்கும் இடையில் சில நேரம் மணிக்கணக்கு இருக்கும். நம்மிடம் அவர்களுக்குக் கிடைக்கும் பதில், "தள்ளி நில்லுங்கம்மா." இங்கிலாந்தில் மார்த்தா என்ற 13 வயசுப் பெண் இறந்தபின் 2024-லிருந்து ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்கள். குடும்பத்தார் கவலைப்பட்டால், வேறொரு மருத்துவக் குழுவை வந்து பார்க்கச் சொல்லி அவர்களே அழைக்கலாம். இதற்கு உனக்கு ஒரு போன் நம்பரும், எடுக்க ஒரு ஆளும் போதும். பட்டியலில் சேர்.

நம் ஊரைப் பற்றி ஒன்று. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா டாக்டரானதற்குக் காரணமாகச் சொல்லும் திண்டிவனம் ராத்திரிக் கதை, பெண் டாக்டர் இல்லாமல் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதை, உனக்குத் தெரிந்ததுதான். அவர் வேலூரில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது 1909-ல், மருத்துவப் பள்ளி 1918-ல். முதலில் நர்ஸ், அப்புறம்தான் டாக்டர். இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி திறந்தால் முதலில் வருவது எம்.ஆர்.ஐ.

எனவே வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. முதல் சில வாரம் ராத்திரியில் வார்டில் போய் இரு, கையில் நோட்டுப் புத்தகம் இல்லாமல். நோட்டைப் பார்த்தால் பேசமாட்டார்கள். எந்தப் படுக்கையின் ஆக்சிஜன் கசிகிறது, எந்த பிளக் பாயின்டில் கரண்ட் வராது, எந்த டாக்டரை ராத்திரி எழுப்ப எல்லாரும் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் ஆயாம்மாவுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அந்த டாக்டரிடம் நீ பேசியே ஆகவேண்டும், அதற்கு எந்த மென்பொருளும் கிடையாது. நாலு படுக்கையில் மட்டும் புது மெஷினைப் போட்டுப் பார். சிஸ்டர்கள் ஒரு வேலையைக் குறுக்கு வழியில் செய்தால் கோபப்படாதே, ஏன் என்று கேள். நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்யாமல் அதே பார்கோடின் இன்னொரு காப்பியை ஸ்கேன் செய்கிறார்கள் என்றால், தூங்கும் நோயாளியின் கை போர்வைக்குள் இருக்கும், அல்லது ஸ்கேனர் ஒயர் எட்டாது.

டெண்டரை முடிப்பதற்கு முன் எனக்கு ஒரு காப்பி அனுப்பு. ரகசியம் என்றால் விலையை மறைத்துவிட்டு அனுப்பு, எனக்கு விலை வேண்டாம். பேட்டரியை யார் மாற்றுவது, சிரிஞ்ச் கம்பெனி மாறினால் பம்பில் யார் மாற்றுவது, கெட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவான் என்று பார்த்துச் சொல்கிறேன். பயிற்சி என்று ஒரு வரி இருக்கும், ஒரு நாள், காலை 10 முதல் 1 வரை என்று. அதை அடித்துவிட்டு மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக என்று எழுதச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதலில் அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல், இல்லையென்றால் வீட்டில் சண்டை.

அன்புடன்,
அப்பா