ஆறிப்போன காபியை என்ன செய்வார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், காதல் கதைகளில் வரும் அன்றாடப் பொருட்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் குறுந்தொகை 167ஆம் பாடலில் வரும் அழுக்குத் துணியை ‘பெண்ணின் தியாகத்துக்குக் குறியீடு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை.

கூடலூர் கிழாரின் அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது? புதுக்குடித்தனம் போன பெண் கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கிற புகை கண்ணை நிறைக்கிறது. இத்தனை பாடுபட்டு வைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கணவன் ‘இனிது’ என்கிறான். அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’, அதாவது வெளியே தெரிந்தும் தெரியாமலும் மலர்ந்தது. அவ்வளவுதான் பாட்டு. அடுப்பில் தாளிதம் கருகப் பார்க்கும்போது கையை வேறெங்கே துடைப்பாள்? உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு வந்தால் குழம்பு என்ன ஆவது? இதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவள் வளர்த்த செவிலி, கேட்கிறவள் பெற்ற தாய். அந்தத் துணியைப் பற்றிக் கேட்டதுமே தாய்க்கு மகளின் வீடு கண்முன் வந்திருக்கும். ‘தியாகம்’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

சிலம்பையும் அப்படித்தான் ‘நீதியின் சின்னம்’ என்கிறார். மதுரையில் சரி. புகாரில், கோவலன் வெறுங்கையோடு வீடு திரும்பித் தலைகுனிந்து நிற்கும்போது, கண்ணகி சிரித்த முகத்தோடு ‘சிலம்பு உள, கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்) என்கிறாளே, அப்போது அது என்ன? கழற்றிக் கொடுத்தால் காசாகும் நகை. நம் வீடுகளில் வளையல் அடகுக்கடைக்குப் போகிற அதே வழி. காசாகக்கூடிய பொருள் என்பதால்தானே அது மதுரைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது? பிறகு வந்த வழக்கெல்லாம் அதிலிருந்துதான் முளைத்தது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் 2008இல் வெளியிட்ட ‘அப்பாவித்தனத்தின் அருங்காட்சியகம்’ நாவலில், கெமால் என்பவன் ஃபுசுன் என்ற பெண்ணின் வீட்டுக்கு ஏறக்குறைய எட்டு வருடம் ராச்சாப்பாட்டுக்குப் போய்வருகிறான். அவள் இன்னொருவனின் மனைவி. போகும்போதெல்லாம் உப்புக்குடுவை, டிவி மேல் இருக்கும் பீங்கான் நாய் என்று எதையாவது சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வருவான். வீட்டார் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். ராணுவ ஆட்சி வந்த பிறகு, ஒரு ராத்திரி சிப்பாய்கள் அவனைச் சோதனை போடும்போது அகப்படுவது சீமை மாதுளம்பழம் துருவுகிற துருவல். இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் மனுஷன் என்ன பதில் சொல்லுவான்! சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. 2012இல் பாமுக் இஸ்தான்புல்லில் நாவலின் பெயரிலேயே நிஜமாக ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஃபுசுன் பிடித்துப் போட்டவை என்று 4,213 சிகரெட் துண்டுகள் அங்கே சுவரில் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது எதற்குக் குறியீடு? ஒவ்வொன்றும் ஒரு ராத்திரி, ஒரு மனநிலை, அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வாசகர் வட்டம் நடத்திய சிறுகதைப் போட்டியில் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காதல் முறிகிற கதைகளில் பாதிக்கு மேல் மேசையில் ஒரு காபி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. ஆடை படிகிறது, கதை முடிகிறது. மழையில் குடை தொலைவது அடுத்த இடம். இவர்களெல்லாம் குறியீடு வைக்க வேண்டுமென்று நினைத்துக் காபி போட்டவர்கள். எந்த வீட்டில் காபி அப்படியே மேசையில் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

எங்கள் வீட்டில் அப்பா கோபத்தில் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியை அம்மா ஒரு நாளும் கீழே கொட்டியதில்லை. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, திரும்பச் சுடவைத்து, “காபிப்பொடி விக்கிற விலையில…” என்று முனகியபடி அடுப்படியில் நின்றுகொண்டே குடித்துவிடுவாள். சாயங்காலம் அப்பா வரும் நேரத்துக்குப் புது டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, டவரா டம்ளரில் கொண்டுபோய் வைப்பாள். அன்றைக்கு மட்டும் அதில் சர்க்கரை இருக்காது. அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.