இடுப்பளவு தண்ணீரில் பழுதான நீர்புகாக் கமெரா: புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.
14.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான கமெராவைத் திருத்தித் தர மறுத்தமை

ஐயா,

உங்கள் மட்டக்களப்புக் காட்சியறையில் பெப்ரவரி 22ஆம் திகதி 165,000 ரூபாய் கொடுத்து வாங்கிய நீர்புகாக் கமெரா, ஏப்ரல் 26ஆம் திகதி பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் பழுதாகிவிட்டது. கொழும்பிலுள்ள உங்கள் சேவை நிலையம் அதை ஐந்து வாரம் வைத்திருந்தது. பிறகு, "உப்புநீர் உட்புகுந்துள்ளது, பாவனையாளரின் கவனக்குறைவு, உத்தரவாதத்தில் அடங்காது" என்று மூன்று வரியில் பதில் அனுப்பி, திருத்துவதற்கு 92,000 ரூபாய் கேட்டிருக்கிறது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. காரணத்தை விளக்கமாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

நான் இங்குள்ள ஒரு பாடசாலையில் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர். மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு தோணியில் போய், வாவிக்கரையிலுள்ள கண்டல் மரங்களையும் அவற்றின் மூச்சு வேர்களில் ஒட்டி வாழும் நண்டு, நத்தைகளையும் படமெடுத்துப் பதிவு செய்கிறோம். கமெராவுக்கான காசில் பாதி என்னுடையது. மீதி பழைய மாணவர்களும் பெற்றோரும் ஆயிரம், இரண்டாயிரமாகச் சேர்த்துத் தந்தது. அவர்களுக்கு நான் கணக்குக் காட்ட வேண்டும்.

ஃபோன் போதுமே என்று சிலர் கேட்டார்கள். இரண்டு வருடம் ஃபோனில்தான் எடுத்தோம். ஈரக் கைக்கு ஃபோனின் திரை சொன்னபடி கேட்காது. தோணி ஆடும்போது வழுக்கி விழும். சேற்று நண்டை இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்து எடுத்தால் தெளிவாக வராது. நீர்புகாக் கமெராவில் பொத்தானை அமத்தி எடுக்கலாம். சூம் செய்தாலும் வில்லை வெளியே நீளாது, எல்லாம் உடம்புக்குள்ளேயே நகரும், அதனால் மணலும் தண்ணீரும் நுழைய வழி குறைவு. சென்சர் சிறியது, பொழுது சாய்ந்தால் படத்தில் புள்ளி விழும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் வேலை காலை வெளிச்சத்தில் என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பழுதாகும் வரை அது தந்த படங்கள் அருமையானவை. ஒரு நண்டின் கண் தண்டு கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அதனால்தான் இந்த விடயத்தை இப்படியே விட எனக்கு மனமில்லை.

வாங்கும்போது உங்கள் விற்பனையாளர் சொன்னது, பெட்டியிலும் அச்சிட்டிருப்பது: 15 மீற்றர் ஆழம் வரை நீர் புகாது, 2 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். 15 மீற்றர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடலில் பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 15 மீற்றரில் ஒன்றரை. எங்கள் கடலில் ஹெர்மிஸ் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த அந்தக் கப்பல் இருப்பது 50 மீற்றருக்கும் கீழே. அந்த ஆழத்துக்கு இந்தக் கமெராவைக் கொண்டு போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் போனது பாசிக்குடாவுக்கு. அங்கே கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும், அதனால்தான் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே வருகிறார்கள். அன்று கமெரா ஒரு மீற்றருக்குக் கீழே போகவே இல்லை. அந்த ஆழத்தில் கூடும் அழுத்தம், பெட்டியில் போட்டிருக்கும் கணக்கில் பதினைந்தில் ஒரு பங்கு.

பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீன்குஞ்சுகளை எடுத்துக்கொண்டிருந்தது. நாலாவது படத்துக்குப் பிறகு, "சேர், படம் புகையா வருது" என்று கொண்டுவந்து தந்தது. வில்லைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆவி ஒரு துளியாகத் திரண்டு கீழே வழிந்தது. திரையில் குறுக்காக இரண்டு கோடு விழுந்தது, பிறகு அணைந்துவிட்டது. அந்தப் பிள்ளை தான்தான் உடைத்துவிட்டதாக நினைத்து அழுதது.

சரி, இனித்தான் முக்கியமான விடயம். இந்தக் கமெராவுக்கு இரண்டு மூடிகள். அடியிலுள்ளது பற்றரிக்கும் மெமரி கார்ட்டுக்கும். பக்கத்திலுள்ளது யூஎஸ்பி வயர் குத்துவதற்கு. தண்ணீர் புகுவதென்றால் பெரும்பாலும் மூடியின் இறப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ மணலோ மாட்டித்தான் என்று படித்திருந்ததால், பக்க மூடியைத் திறக்கும் தேவையே வரக்கூடாதென்று தனிச் சார்ஜர் ஒன்றும் வாங்கினேன். படங்களைக் கார்ட் மூலம்தான் மாற்றுவேன். ஆகவே பழுதாகும் வரை பக்க மூடி திறக்கப்பட்டது ஒரே ஒரு தடவை, உங்கள் காட்சியறை மேசையில், உங்கள் ஊழியரின் கையால்.

அன்று கரைக்கு வந்து துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தபோது பற்றரிப் பக்கம் காய்ந்தே இருந்தது. பக்க மூடிக்குள் தண்ணீர் நின்றது. அதன் இறப்பர் வளையத்தின் மேல் மூலையில், நகத்தால் கிள்ளியது போல ஒரு மடிப்பு. மணலும் இல்லை, மயிரும் இல்லை. அந்த மடிப்பை அங்கேயே ஃபோனில் மூன்று படம் எடுத்து, கமெராவோடு உங்கள் சேவை நிலையத்துக்கு அனுப்பினேன். வந்த பதிலில் அந்த மடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்றும் இல்லை. காற்றழுத்தம் கொடுத்துக் கசிவுச் சோதனை செய்தார்களா என்றும் இல்லை. சோதிக்காமலே என்னைக் கவனக்குறைவானவன் என்று எழுதியது மனதை நோகச் செய்தது. கமெரா ஒருநாளும் கீழே விழவில்லை. வெயிலில் சூடாகக் கிடந்துவிட்டு நேரே தண்ணீரில் இறங்கவும் இல்லை, துணிப்பைக்குள் நிழலில்தான் இருந்தது. முன்பு வாவிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் மூடிகளைப் பூட்டியபடியே குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நிழலில் காயவைத்திருக்கிறேன்.

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில், மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், "நீர் புகுந்ததால் ஏற்படும் பழுது அடங்காது" என்று இருப்பதை உங்கள் பதிலுக்குப் பிறகுதான் பார்த்தேன். தண்ணீருக்குள் கொண்டு போகலாம் என்று சொல்லி, சாதாரண கமெராவைவிடக் கூடிய விலைக்கு விற்ற பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை எப்படிப் பொருந்தும்? விற்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர்க்காசைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்க மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். கமெராவை இலவசமாகத் திருத்துங்கள், அல்லது புதியது தாருங்கள், இரண்டும் முடியாவிட்டால் 165,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். எதைச் செய்தாலும், தண்ணீர் புகுந்த இடம், வளையத்தின் நிலை, கசிவுச் சோதனையின் முடிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தொழில்நுட்பவியலாளர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று எனக்கு வேண்டும். அப்புறம், இந்தக் கமெராக்களை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விற்கும்போது மூடியையும் வளையத்தையும் பராமரிக்கும் முறையை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். அறுகம்பையில் கடலில் இறங்கும் பொடியன்களும் வாகரையில் தோணி விடுபவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். வளையம் மாற்றக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் காசு வாங்குவதற்கு முன் சொல்லுங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, உங்கள் பதில் ஆகியவற்றின் பிரதிகளையும் மடிப்பைக் காட்டும் மூன்று படங்களையும் இணைத்துள்ளேன். கமெரா இன்னும் உங்கள் சேவை நிலையத்தில்தான் இருக்கிறது. அறிக்கை எழுதும் வரை அந்த வளையத்தைக் கழற்றி வீச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியர்