நான்காவது சிலிண்டர் மிஸ்ஸிங்: காரணம் பார்க்காமல் பாகம் மாற்றியது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று முறை வந்தும் தீராத எஞ்சின் மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது)

ஐயா / அம்மையீர்,

வண்டி ஆறு சிலிண்டர் கொண்ட, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு உயர் கியரில், 3,500 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் உதறுகிறது. அப்போது செக் எஞ்சின் விளக்கு சில நொடி விட்டுவிட்டு எரிந்து, பின் நிலையாக எரிகிறது. ஐடிலில் ஒரு குறையும் தெரியாது.

முதல் முறை வண்டியை விட்டபோதே ஸ்கேனர் பதிவின் நகலை ஜாப் கார்டுடன் இணைத்திருந்தேன். பிழைக் கோடு (code) பி0304, அதாவது நான்காவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அது பதிவான நேரத்தில் 4,100 ஆர்பிஎம், லோடு 85%, கூலன்ட் 96 டிகிரி, லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (எரிபொருள் அளவில் எஞ்சின் தானே செய்யும் திருத்தம்) +3%. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாய்) எஞ்சின் கேட்ட எரிபொருள் அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. உங்கள் மையம் 2 கி.மீ. ஓட்டிப் பார்த்து, ‘குறை இல்லை’ என்று எழுதி, பிழைக் கோடை அழித்துத் திருப்பித் தந்தது. 2 கி.மீ.யில் எஞ்சின் ஆயில்கூடச் சரியாகச் சூடேறாது. பிழைக் கோடை அழித்தால் அதனுடன் சேமித்த பதிவும் போய்விடும் என்பது உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாம் முறை ஆறு பிளக், அவற்றுக்குப் பொறி வோல்டேஜ் தரும் ஆறு காயில் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றினீர்கள். என் முக்கியமான புகார் இதுதான். நான்காவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, அதே லோடில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர்) ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0304 ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பார்ப்பது. ஒரு புதுப் பாகமும் தேவைப்படாத சோதனை இது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியதில் தடயமே அழிந்துவிட்டது. பழைய பாகங்களும் திரும்பி வரவில்லை. நான்காவது பிளக்கின் பீங்கானில் பொறி கசிந்த மெல்லிய கறுப்புத் தடம் இருந்ததா, பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்ததா என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

புதிய பிளக்குகளின் கேப் (பொறி தாண்டும் இடைவெளி) அளவும் ஜாப் கார்டில் இல்லை, முறுக்கிய டார்க்கும் (முறுக்கு விசை) இல்லை. டர்போ அழுத்தம் ஏறும்போது சிலிண்டருக்குள் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கேப் 0.2 மி.மீ. கூடுதலாக இருந்தாலே ஐடிலில் ஒழுங்காக எரிகிற பிளக் முழு லோடில் பொறியை விட்டுவிடலாம். ஆகவே அந்த அளவைக் கேட்கிறேன்.

குறை திரும்ப வந்தது. இம்முறையும் அதே பி0304, அதே லோடு. மூன்றாம் முறை நீங்கள் சொல்வது ஹை பிரஷர் பம்ப்பை மாற்ற வேண்டும் என்பது. இதை ஏற்க முடியாது. பம்ப் ஆறு சிலிண்டருக்கும் பொது. அது தளர்ந்தால் ரெயில் அழுத்தம் இறங்கும், ட்ரிம் ஏறும், பி0300 (எந்தச் சிலிண்டர் என்று சுட்டாத மிஸ்ஸிங்) அல்லது பல சிலிண்டர்களின் கோடுகள் வரும். பதிவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மிச்சமிருப்பது நான்காவது சிலிண்டருக்கே உரியவை. முதலில் காயில் கனெக்டர்: பின்கள் தளர்ந்திருக்கின்றனவா, சூடான நிலையில் வயரிங்கை அசைத்தால் மிஸ் ஆகிறதா, லோடில் கிரவுண்ட் பக்கம் வோல்டேஜ் இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டுகிறதா. அடுத்து சூடான எஞ்சினில் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது), மற்ற ஐந்து சிலிண்டர்களோடு ஒப்பிட்டு. 20 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் காற்று எங்கே வெளியேறுகிறது என்று கேட்க வேண்டும்: சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அதன் பின் இன்ஜெக்டர். அதையும் வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பார்க்கும்போது புது சீல் போட வேண்டும். இன்டேக் வால்வில் படியும் கரி பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினில்தான் தொல்லை தரும் என்பதால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

‘விளக்கு மினுக்கினாலும் ஓட்டலாம்’ என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்னது ஆபத்தான ஆலோசனை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டை உருக்கிவிடும். அந்த விளக்கு மினுக்குவதே இதை எச்சரிக்கத்தான். கன்வெர்ட்டரையும் சோதித்து முடிவை எழுத்தில் தாருங்கள்.

நான் கேட்பவை: என் முன்னிலையில், மிஸ்ஃபயர் எண்ணிக்கையை சிலிண்டர்வாரியாகப் பதிவு செய்தபடி அதே லோடில் ஓட்டிப் பார்ப்பது, பதிவை எனக்குத் தராமல் பிழைக் கோடை அழிக்காமலிருப்பது, தேவை என்று நிரூபிக்காமல் மாற்றிய காயில்களின் தொகையைத் திருப்பித் தருவது. முறையான சோதனைக்குரிய கூலியைத் தர எனக்குத் தயக்கமில்லை. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஸ்கேனர் பதிவு நகல்கள், ஜாப் கார்டு நகல்கள் மூன்று