விரல் போனதை வரம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கிதார் கலைஞர் டோனி அயோமி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்று அதிரடியான மேற்கத்திய இசை பற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகையில் முழுப் பக்கம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் விபத்துதான் அவருக்கு வரமாக அமைந்தது, விரல் போகாவிட்டால் இந்த இசையே பிறந்திருக்காது என்று முடித்திருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் புதுச்சேரியில் ஒரு தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டி வயிறு வளர்த்தவன். நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்த கேசட்டில் ஆரம்பித்து இன்றுவரை அயோமியின் குழுவான பிளாக் சாபத் கேட்டு வருகிறவன். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரை விபத்தை இரண்டே வரியில் கடந்துவிட்டது. நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் வரம் என்ற பேச்சே வராது. 1948 பிப்ரவரி 19 அன்று பர்மிங்ஹாமில் பிறந்த அயோமி, 17 வயதில் ஒரு தகட்டுப் பட்டறையில் வெல்டிங் வேலையில் இருந்தார். இசைக்குழுவோடு வெளிநாடு போய் வாசிக்க வாய்ப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டார், அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தது அம்மா. தகட்டை வளைக்கும் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்கும் பெண் அன்றைக்கு வரவில்லை. அவர் வளைத்துக் கொடுத்தால்தான் இவர் வெல்டு வைக்க முடியும், அதனால் இவரையே அந்த மெஷினில் நிறுத்திவிட்டார்கள். முன்னே பின்னே தொட்டுப் பார்க்காத மெஷின். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கியது, பதறி வெளியே இழுத்ததில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டிலும் நுனி போய்விட்டது.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். தந்தியை மீட்டுகிற கை அடிபட்டது என்று போட்டிருந்தீர்கள். அயோமி இடது கைப் பழக்கக்காரர். அவருக்கு மீட்டுவது இடது கை, தந்தியை அழுத்துவது வலது கை. மீட்டும் கையில் இரண்டு விரல் நுனி போயிருந்தால் தந்தியை மீட்டும் சில்லான பிளெக்ட்ரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சமாளித்திருப்பார், கதையே இருந்திருக்காது. போனது அழுத்துகிற விரல்கள், கம்பித் தந்தியை நாள் முழுக்கப் பலகையோடு சேர்த்து அமுக்க வேண்டிய இடம். இனி கிதாரை மறந்துவிடு என்று டாக்டர்கள் சொன்னதும் அதனால்தான்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கதையில் எதுவும் புதிதாக இருக்காது. ஆள் வராத அன்றுதான் அவசர ஆர்டர் இருக்கும், பக்கத்து மெஷின்காரரையோ சேர்ந்து ஒரு வாரம் ஆன ஹெல்பரையோ கூப்பிட்டு நிறுத்துவார்கள். பெடலை மிதித்தால் பஞ்ச் என்கிற மேல் அச்சு இறங்கும், பீஸை எடு, அடுத்த தகட்டை வை, மிதி, அவ்வளவுதான் என்று இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். கையை டை என்கிற கீழ் அச்சுக்குள் விடாமல் தடுக்கிற தடுப்பு இருக்கும், மெஷின் மேல் அல்ல, கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பார்கள், ஏனென்றால் அதை மாட்டினால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு இறங்கிவிடும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி வந்த புதிய மெஷினில்கூட ஒரு பட்டன் மேல் டேப்பைச் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சுற்றியது முதலாளி இல்லை, பீஸ் ரேட்டுக்கு ஓட்டிய எங்கள் ஆள்தான். ஆனால் அதைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அயோமி பிறந்த அதே 1948-இல்தான் நம் நாட்டில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஓடுகிற மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட்டே ஆக வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு சொன்னது. தடுப்பு இல்லாமல் விரல் போனால் என்ன விலை என்பது 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது: நடுவிரலில் ஒரு கணு போனால் உழைக்கும் சக்தியில் 7 சதவீதம் இழப்பு, மோதிர விரலில் 5. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 4 சதவீதம், 2 சதவீதம். ஆக அயோமி இங்கே பிறந்து இங்கே அடிபட்டிருந்தால் நம் கணக்கில் அதிகபட்சம் 12 சதவீத ஆள். அவர் கிதார் வாசிப்பவரா, தையல்காரரா என்றெல்லாம் அட்டவணை கேட்காது.

சரி, அவர் எப்படி எழுந்தார்? கட்டுரையில் விடாமுயற்சி என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அந்த இடம்தான் முழுக் கட்டுரையாக வேண்டும். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்கப் பட்டறையின் மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். எனக்கு இப்போது கிதார் கேட்கும் மனநிலை இல்லை என்று இவர் சொல்லியும் விடாமல் போட வைத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் செயலிழந்து, மிச்ச விரல்களை வைத்தே ஐரோப்பிய ஜாஸ் கிதாரை உண்டாக்கிய மனிதர். அதைக் கேட்ட பிறகுதான் அயோமி மறுபடி கிதாரைத் தொட்டார்.

தொட்டால் வலி உயிர் போகிறது. அப்போது அவர் செய்தது முழுக்க முழுக்கப் பட்டறை வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார், சால்டரிங் அயர்னைச் சுட வைத்து விரல் நுழைகிற அளவுக்கு அதில் துளை போட்டார், பிறகு உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு இழைத்து இழைத்து விரல் நுனி மாதிரி கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. ஒரு பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். தவில் வித்வான்கள் விரலில் மாட்டும் கூட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கிட்டத்தட்ட அதேதான், ஒரே வித்தியாசம், தவில்காரருக்குக் கூட்டுக்குள் முழு விரல் இருக்கிறது. இவருக்கு அந்த இரண்டு விரலிலும் தந்தி படுவதே தெரியாது, எங்கே எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் தந்தி. அந்தக் காலத்தில் மெல்லிய கிதார் தந்தி செட் அவருக்குக் கடையில் கிடைக்கவில்லை, பாஞ்சோ என்ற வாத்தியத்தின் தந்தியை வாங்கிக் கிதாரில் மாட்டினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறக்கினார், தந்தி தளர்ந்தால் விரலுக்கு இதம். பேய் பிசாசு மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக இறக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பேயெல்லாம் பிறகு வந்தது ஐயா, முதலில் வலி. பல சுரங்களைச் சேர்த்து அடிக்கிற முழு கார்டுக்கு எல்லா விரலும் நீள வேண்டும் என்பதால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வைத்த இரண்டு சுர அடியை அவர் தடிமனாக்கி எடுத்தார், இன்று உலகம் முழுக்க மெட்டல் வாசிக்கிற பையன்கள் எல்லாரும் அதைத்தான் வாசிக்கிறார்கள். ஜூன் 21 அன்று நம் ஊரில் பிரெஞ்சு இசைத் திருநாள் நடக்கும்போது பாருங்கள், பத்து விரலும் நன்றாக இருக்கிற பிள்ளைகள் சுருதியை இறக்கிக்கொண்டு நிற்பார்கள், எதற்கென்று கேட்டால் சவுண்டு கனமாக வரும் அங்கிள் என்பார்கள்.

இசை பற்றியும் இரண்டு வார்த்தை. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மழையும் மணியோசையுமாகத் தொடங்கும். அதன் பிறகு மூன்றே சுரம்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம், அதை அசைத்து அசைத்து நிறுத்துவார். நம் கல்யாணியில் அதே பிரதி மத்தியமம் எவ்வளவு குளிர்ச்சியாக வரும்! பக்கத்துணைக்குப் பஞ்சமமும் காந்தாரமும் இருப்பதால் அந்தக் குளிர்ச்சி. இவர் துணை எதுவும் தராமல் தனியாக நிறுத்தி, வேகத்தையும் குறைத்துவிட்டதால் வயிற்றைக் கலக்குகிறது. இது விரல் போனதால் வந்ததா? இல்லை. சுருதியை இறக்குவதற்கு முன்பே செய்தது இது. அவர் காது செய்தது.

உழைப்பையும் மறந்துவிடக் கூடாது. 1968 கடைசியில் கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் என்ற குழுவில் போய்ச் சேர்ந்தார். அங்கே நேரத்துக்கு வந்து ஒத்திகை பார்க்கிற ஒழுங்கைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் பழைய கூட்டாளிகளையும் காலை ஒன்பது மணிக்கே ஒத்திகைக்கு வரச் சொன்னார். அந்தக் கூட்டாளிகள் யார்? மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்த பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், கணக்கெழுதப் பழகிக்கொண்டிருந்த கீசர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட். 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் முதல் ஆல்பத்தைப் பதிந்தார்கள். பதிவின்போது அவருடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப் போய்விட, கையிலிருந்த கிப்சன் எஸ்ஜி என்ற இன்னொரு கிதாரை எடுத்து வாசித்தார், அதோடு ஆயுசுக்கும் எஸ்ஜிதான். அந்த எஸ்ஜி வந்த கதை இன்னும் வேடிக்கை. இவர் வலது கைக் கிதாரைத் தலைகீழாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தார், எங்கேயோ ஒரு வலது கைக்காரர் இடது கைக் கிதாரைத் தலைகீழாக வாசிக்கிறார் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை முதல் ஆல்பம், அதே வருடம் இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். பிறகு பணம், போதை, சண்டை, 1979-இல் ஓஸியை வெளியே அனுப்பியது, 1980-இல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவை வைத்துக்கொண்டு மறுபடி எழுந்தது எல்லாம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. பாடகர்கள் வந்து வந்து போனார்கள், எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அயோமிதான். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்தவற்றை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன், அது வேறு. 2012-இல் ரத்தத்தோடு தொடர்புடைய லிம்போமா புற்றுநோய் என்று தெரிந்தும், சிகிச்சைக்கு நடுவே வேலை பார்த்து 2013-இல் வந்த ஆல்பம் மறுபடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, இடையில் 43 வருடம். 2025 ஜூலை 5 அன்று அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அந்த மாதம் 22-ஆம் தேதி ஓஸி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அயோமியே பல பேட்டிகளில் அந்த விபத்துதான் வேறு வழி தேட வைத்தது என்று சொல்லியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் சொல்லலாம், அவர் விரல். நாம் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ராத்திரியில் கல்யாணக் கச்சேரிக்குத் தவில் வாசிக்கப் போவார், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரைக்கும் கூப்பிடுவார்கள். பிரஸ்ஸில் வலது கை ஆள்காட்டி விரல் பாதி போனது. கூடு கட்டிப் பார்த்தார், உட்காரவில்லை, கட்டின இடத்தில் புண்தான் வந்தது. இப்போது அதே மேளக்காரர்களோடு போய்த் தாளம் போடுகிறார், சம்பளம் பாதிக்கும் குறைவு. அவருக்கு முயற்சி இல்லையா? மேலாளர் யாரும் இசைத்தட்டோடு வரவில்லை, அவ்வளவுதான். விபத்து வரம் என்ற கட்டுரையை அவர் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள், அப்பாவுக்கு ஊக்கமாக இருக்கட்டுமே என்று. அவர் எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது, வருடா வருடம் அந்த நாளில் நீங்களும் படம் போட்டுச் செய்தி வெளியிடுகிறீர்கள். அந்தப் பக்கத்திலேயே பவர் பிரஸ் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள். நிருபரை மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு அனுப்பினால் போதும், ஆபீஸ் அறைப் பக்கம் போகாமல் டீக்கடையில் நிற்கச் சொல்லுங்கள், வெளியே வருகிறவர்கள் கிளாஸைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். டீ என் கணக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வில்லியனூர், புதுச்சேரி