செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கையிருப்பு கரையவில்லை, பெருகவும் இல்லை என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். தைப்பூசக் காவடி மாதம் நீங்கலாக, இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த் கோயில் மண்டபத்தில் நம் சங்கத்தின் மாதாந்தரத் திரைப்படத் திரையிடல் தடையின்றி நடந்தது. இந்த ஆண்டு சரித்திரப் படமும் சங்கீதப் படமும்தான் என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தபோது முணுமுணுத்தவர்களே கடைசிவரை முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959). நம் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்துரையுள்ள வட்டு ஒன்றை ஒரு கடையில் வாங்கினோம். படம் ஓடத் தொடங்கியதும் எழுத்துரை பின்தங்கிவிட்டது. வரி கேட்ட ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் கொதித்து முடித்த பிறகே அவர் என்ன சொன்னார் என்பது திரையின் அடியில் வந்தது. நிறுத்திவிடலாமா என்று பிள்ளைகளைக் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். தமிழ் அறியாத அவர்களுக்கு அந்தப் புருவமும் குரலுமே போதுமாயிருந்தன. 1960இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தவர்களிலும் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனாலும் என் ஓட்டு ‘கப்பலோட்டிய தமிழ’னுக்கு (1961). அதே நடிகர்தான், அந்த இடியோசை மட்டும் இல்லை. செக்கிழுக்கும் காட்சியில் அவர் வசனத்தை நம்பவில்லை. தோளையும் கழுத்தையும் நம்பினார். நமக்கு அந்தப் படத்தில் இன்னொரு உறவும் உண்டு. சிறைமீண்டு வறுமையில் இருந்த வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டிய பணம், காந்தி வழியாக நெடுநாள் தாமதித்து 1916இல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. திரையிடலுக்கு முன் இதைச் சொன்னேன். அணா என்றால் என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்கே கால் மணி நேரம் போயிற்று.

‘ராஜராஜ சோழன்’ (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அகலம் தெரிந்தது. கிரீடம் நடித்த அளவுக்கு நாயகன் நடிக்கவில்லை என்பது என் கருத்து. செயற்குழுவின் கருத்து அல்ல.

பெரிய சண்டை சங்கீதப் படங்களில்தான் வந்தது. ‘மீரா’ (1945) முடிந்ததும் ஓர் ஆயா எழுந்து, “பாடுகிறவளே நடித்தால் அதில் பொய் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முன்னால் மற்றவர்களெல்லாம் வாயசைப்பவர்கள்தாம் என்பது அவர் கட்சி. நான் மறுத்தேன். பாட்டு நின்றதும் மீராவும் சற்று நின்றுபோகிறாள் என்று எனக்குப் படுகிறது. அன்று எனக்குத் தேநீர் வரவில்லை.

அடுத்த மாதம் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). திரையில் கேட்கும் நாதசுரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. முகம் மட்டுமே சிவாஜியுடையது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், மாரியம்மன் திருவிழாக்களில் பல ஆண்டு நாதசுரம் வாசித்தவர், படம் முழுக்கத் தம் முழங்கால்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை அருகே அழைத்து, “தம்பி, சீவாளியை உதட்டில் வைக்கிற விதத்தைப் பார்த்தாயா? மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில்தான் எடுக்கிறார்” என்றார். சீவாளி என்பது நாதசுரத்தின் ஊதுமுனை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ‘நலந்தானா’ பாட்டு. கத்திக்குத்துப் பட்டுத் தேறி வந்த நாதசுரக்கார நாயகனை நாட்டியக்காரி மோகனா ஆடியபடியே நலம் விசாரிக்கிறாள். அவன் வாயில் நாதசுரம். பதில் சொல்ல வழியில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கண்ணில் நீர் வருமுன் கன்னம் ஒரு முறை துடிக்கிறது. சங்கீதப் படத்தில் நாயகனின் வேலை பாடுவதைவிடக் கேட்பதுதான் என்று அன்று இரவு வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “அதை வீட்டிலும் செய்யலாம்” என்றாள்.

இளைஞர் பிரிவு கேட்டுக்கொண்டபடி ‘அமதேயுஸ்’ (1984) என்ற ஆங்கிலப் படமும் காட்டினோம். இசைமேதை மொஸார்ட் கைப்பட எழுதிய இசைத் தாள்களை, அவர்மேல் பொறாமை கொண்ட இசையமைப்பாளன் சாலியேரி புரட்டுகிறான். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. படிக்கப் படிக்க அவன் காதில் அந்த இசை எழுகிறது. தாள்கள் கைநழுவிக் கொட்டுகின்றன. ஆஸ்கர் மேதையாக நடித்தவருக்குப் போகவில்லை, பொறாமையோடு கேட்டவனாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாமுக்குப் போயிற்று. ஆயா இதை ஒப்புக்கொண்டார். எம்.எஸ். விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள் வந்துள்ளன. வட்டு வாங்குமுன் எழுத்துரையைச் சோதிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். ‘நலந்தானா’வை மட்டும் இன்னொரு முறை போட வேண்டும் என்று நாதசுரக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அன்று தம் வாத்தியத்தையும் கொண்டுவருவாராம். இரண்டையும் உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.